பாட்டி வீட்டில் சொல்லாத பாதி

நீலக்குடை எழுதியது:

பாட்டி போய் இன்றோடு பன்னிரண்டு நாள். வயது 94. மத்தியானம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். வருகிறவர்கள் எல்லோரும் "கல்யாணச் சாவு, அழக்கூடாது" என்கிறார்கள். நான் தலையாட்டிவிட்டு உள்ளே போய் அழுதுவிட்டு வருகிறேன்.

அடுத்த ஞாயிறு அவரோடு வேலை பார்த்தவர்கள் ஒரு நினைவுக் கூட்டம் வைத்திருக்கிறார்கள். குடும்பத்தின் சார்பில் நான் பத்து நிமிடம் பேச வேண்டுமாம். சிக்கல் என்னவென்றால், பேச என்னிடம் எதுவும் இல்லை.

பாட்டி நாற்பது வருடத்துக்கும் மேலாகக் குழந்தை உளவியலாளர். எத்தனை குழந்தைகளைப் பார்த்தார், யாரைப் பார்த்தார், என்ன செய்தார், எங்களுக்கு ஒன்றும் தெரியாது. மற்றவர் வீட்டில் சாயங்காலம் ஆபீஸ் கதை ஓடும். எங்கள் வீட்டில் "இன்றைக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்டால் இரண்டே பதில்தான். "நல்ல நாள்." இல்லாவிட்டால், "நீளமான நாள்." நீளமான நாளன்று பாட்டி முகம் கழுவப் போனால் வெளியே வர வெகுநேரம் ஆகும்.

எனக்குத் தெரிந்த பாட்டி வேறு. கண்ணை மூடிக்கொண்டு ஒரு காகிதத்தில் கோணல்மாணலாக ஒரு கோடு போட்டு என் பக்கம் தள்ளுவார். நான் அதை எதாவதாக மாற்ற வேண்டும், யானை, செருப்பு, கோபமான மாமா, எதுவாகவும். பிறகு நான் ஒரு கோடு போடுவேன், அவர் மாற்றுவார். மழை நாளில் ஒரு மணி நேரம்கூட இது ஓடும். எங்கள் இரண்டு பேருக்கும் மட்டுமான விளையாட்டு.

அப்புறம் நாய். ஐந்து வயதில் பக்கத்து வீட்டு நாய் என்றால் எனக்கு உயிர் போகும். "அது ஒண்ணும் செய்யாது, போ" என்று எல்லோரும் சொன்னார்கள். பாட்டி மட்டும் அப்படிச் சொல்லவே இல்லை. முதல் வாரம் மாடி ஜன்னலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டே நாயைப் பார்த்தோம். அடுத்த வாரம் கீழே ஜன்னலில். பிறகு வாசல்படியில். கேட்டுக்கு இந்தப் பக்கம். ஒருநாள் நான் பின்வாங்கினேன், மறுநாள் ஒன்றுமே சொல்லாமல் மறுபடி மாடி ஜன்னலுக்குப் போய்விட்டோம். அந்த நாய்க்குக் கடைசியில் பிஸ்கட் கொடுத்தது நான்தான். எத்தனை வாரம் ஆயிற்று என்று நினைவில்லை, ஆனால் பிஸ்கட் தீரவே இல்லை என்பது நினைவிருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு ஓர் அரங்கில் என்ன பேசுவது? இன்னொன்றும் இருக்கிறது. அவருடைய அலமாரியில் பதினொரு நோட்டும் ஒரு தகரப் பெட்டியும் கிடைத்திருக்கின்றன. நோட்டுகளின் மேல் எண்கள் மட்டும்தான். நாங்கள் இன்னும் திறக்கவில்லை. திறக்கலாமா?

---

நடுநிசி வாசகர் எழுதியது:

ஆழ்ந்த இரங்கல். நாய்க் கதையே போதும், வேறு என்ன வேண்டும்?

---

மணல்தட்டு எழுதியது:

நீலக்குடை, மனமார்ந்த இரங்கல். நான் இதே தொழிலில் பதினாறு வருடமாக இருக்கிறேன். உங்கள் பதிவைப் படித்தபோது ஒரு சகப் பணியாளரைப் பார்த்த மாதிரி இருந்தது.

அந்தக் கோட்டு விளையாட்டைப் பற்றி ஒன்று சொல்லலாமா, தப்பாக நினைக்கக் கூடாது. அது டொனால்ட் வினிகாட்டுடையது. லண்டனில் குழந்தை மருத்துவராகத் தொடங்கி மனப்பகுப்பாய்வாளர் ஆனவர். குழந்தையை உட்காரவைத்துக் கேள்வி கேட்பதற்குப் பதிலாக இப்படிக் கிறுக்கி விளையாடுவார். 1968இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1971இல் அவர் இறந்தார், அதே வருடம் வந்த புத்தகத்தில் குழந்தைகளோடு போட்ட கிறுக்கல்களையே பக்கம் பக்கமாக அச்சிட்டிருந்தார்கள். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் மேசை இழுப்பறையில் அதற்காகவே மலிவான காகிதக் கட்டு ஒன்று வைத்திருப்போம்.

நாயும் அப்படித்தான். 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண் பீட்டர் என்ற சின்னப் பையனுக்கு முயலைப் பார்த்தால் வந்த பயத்தை இப்படித்தான் போக்கினார். பையன் பிடித்ததைத் தின்றுகொண்டிருக்கும்போது கூண்டை அறையின் மறுகோடியில் வைப்பது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவருவது. அவன் மிரண்டால் பழைய தூரத்துக்கே போய்விடுவது. கடைசியில் அவன் ஒரு கையால் சாப்பிட்டு மறுகையால் முயலைத் தடவினான்.

நோட்டுகளைத் திறக்காதீர்கள். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், இப்போது ஒரு குழந்தை காத்திருக்கிறது.

---

நீலக்குடை எழுதியது:

உண்மையைச் சொன்னால் கொஞ்சம் வலித்தது. முப்பத்தைந்து வருடமாக அதை எங்கள் குடும்பச் சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பகலில் வேறு குழந்தைகளோடு ஆடிய ஆட்டத்தின் மிச்சமா எனக்குச் சாயங்காலம் கிடைத்தது?

இரவு யோசித்தபோது வேறு மாதிரியும் தோன்றியது. நாள் முழுக்க அதையே செய்துவிட்டு வந்தவர், வீட்டிலும் மறுபடி உட்கார்ந்து அதே கோட்டைப் போட்டார். சமையல்காரர் வீட்டில் வந்து சமைப்பாரா என்ன?

---

எதிர்க்கட்சி எழுதியது:

இறந்தவரைப் பற்றித் தவறாகச் சொல்லவில்லை. பொதுவாகக் கேட்கிறேன். நாயைக் காட்டி பிஸ்கட் கொடுப்பதற்கும் கோடு போடுவதற்கும் ஒரு படிப்பு, அதற்கு ஒரு பட்டம், அதற்கு ஃபீஸ். எங்கள் காலத்தில் ஏழு பிள்ளை பெற்றவர்கள் சைக்காலஜிஸ்டைத் தேடிப் போகவில்லை. நாங்கள் எல்லோரும் வளரவில்லையா?

---

கடைசி பெஞ்ச் எழுதியது:

எதிர்க்கட்சி சாருக்குப் பதில் எழுதத்தான் மூன்று வருடத்துக்குப் பிறகு உள்நுழைந்தேன். கடவுச்சொல்லே மறந்துவிட்டது.

ஏழு வயதில் நான் பள்ளியில் பேசுவதை நிறுத்திவிட்டேன். வீட்டில் ஓயாமல் பேசுவேன். பள்ளி வாசலைத் தாண்டினால் தொண்டையில் கதவு மூடிக்கொள்ளும். வகுப்பாசிரியர் "திமிர்" என்றார், முழங்கால் போடவைத்தார், ஒரு முறை ஸ்கேலால் அடித்தார். முழங்கால் வலித்ததே தவிரப் பேச்சு வரவில்லை. ஏழு பிள்ளை வீட்டிலும் என்னைப் போல ஒன்று இருந்திருக்கும் சார், அதற்கு "ஊமைக்கோட்டான்" என்று பட்டப்பெயர் வைத்து விட்டிருப்பார்கள்.

எங்கள் அத்தை என்னை ஓர் அம்மாவிடம் கூட்டிப்போனார். (நீலக்குடை, உங்கள் பாட்டி இல்லை, இவர் வேறொருவர்.) அந்த அறையில் எல்லாமே குட்டை. நாற்காலி, மேசை, அலமாரி, எல்லாம் என் உயரத்துக்கு. சுவர்க்கடிகாரம்கூட என் கண் மட்டத்தில் இருந்தது. எப்போது முடியும் என்று எனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவாம், பெரியவன் ஆன பிறகு புரிந்தது. ஒரு தட்டு நிறைய மணல். அலமாரி முழுக்கச் சின்னச் சின்னப் பொம்மைகள்: மாடு, வேலி, பாலம், ரயில், போலீஸ், ஒரு கால் உடைந்த சிங்கம்.

அந்த அம்மா என்னைப் பேசு என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. எனக்குப் பாதி முதுகு காட்டி உட்கார்ந்துகொள்வார். "சிங்கம் மணலுக்குள் போகிறது" என்று, என்னைக் கேட்காமல், காற்றில் சொல்வதுபோலச் சொல்வார். நான் போகும்போதெல்லாம் சிங்கத்தைப் புதைத்தேன். வாரம் ஒரு நாள், நாற்பத்தைந்து நிமிடம்.

பதினொராவது வாரம். அவர் பாலத்தைத் தலைகீழாக வைத்து அதன் மேல் ரயிலை ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "அப்படி இல்லை" என்றேன். அவர் திரும்பிப் பார்த்து வியக்கவில்லை, கை தட்டவில்லை. "எப்படி?" என்று மட்டும் கேட்டார். நான் காட்டினேன்.

பாலத்தை அவர் வேண்டுமென்றே தலைகீழாக வைத்தாரா, உண்மையிலேயே தெரியாதா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். இப்போது எனக்கு 48 வயது. வேலை? நாள் முழுக்க மைக்கில் பேசுவது.

---

மணல்தட்டு எழுதியது:

கடைசி பெஞ்ச், நன்றி. இதை எழுதும் உரிமை உங்களுக்கு மட்டும்தான் உண்டு. அந்த அம்மா இருந்திருந்தால் இதில் ஒரு வரியைக்கூட எழுதியிருக்க மாட்டார்.

உங்களுக்கு இருந்ததை முன்பு ஆங்கிலத்தில் "தானாக விரும்பிப் பேசாமலிருப்பது" என்ற பொருள் வரும் பெயரால் அழைத்தார்கள். 1994இல் அமெரிக்க மனநோய்க் கையேடு அந்தப் பெயரை மாற்றி, "சில இடங்களில் மட்டும் பேச்சு வராமலிருப்பது" என்ற பொருளில் வைத்தது. ஒரு சொல்தான் மாறியது, ஆனால் திமிர் என்ற குற்றச்சாட்டு அதோடு போயிற்று. உள்ளே இருப்பது பெரும்பாலும் பயம்.

உங்கள் மணல்தட்டுக்கும் ஒரு பாட்டி உண்டு. மார்கரெட் லோவன்ஃபெல்ட். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் தன் பிள்ளைகளோடு தரையில் பொம்மை நகரம் கட்டி விளையாடியதை 1911இல் எழுதியிருந்தார். அதைப் படித்தது நினைவில் நிற்க, அந்த அம்மையார் தன் மருத்துவ அறையில் ஒரு பெட்டி நிறையப் பொம்மைகள் வைத்தார். பக்கத்தில் மணலும் வந்தபோது குழந்தைகளே இரண்டையும் சேர்த்தார்கள், அதற்கு "உலகம்" என்று பெயரும் அவர்களே வைத்தார்கள். 1920களின் கடைசியில் நடந்தது இது. என் புனைபெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

---

எதிர்க்கட்சி எழுதியது:

பதினொரு வாரம் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாரா? சரி. அது என்னால் முடியாது. ஃபீஸ் பற்றிச் சொன்னதை மட்டும் திரும்பப் பெற மாட்டேன்.

---

பழைய பேனா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் வரலாற்று ஆய்வு செய்கிறவன். பதினொரு நோட்டு! நாற்பது வருடம் ஒரே கையால் எழுதப்பட்ட குறிப்புகள். குழந்தைகளை ஒரு சமூகம் எப்படி நடத்தியது என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது. பெயர்களை மறைத்துவிட்டு ஏதாவது ஒரு நூலகத்துக்குக் கொடுங்கள். கிழித்துப் போட்டால் வரும் தலைமுறை உங்களை மன்னிக்காது.

---

மணல்தட்டு எழுதியது:

ஐயா, பெயரை மறைத்தால் ஆளை மறைத்ததாகாது. "கால் உடைந்த சிங்கத்தை ஒவ்வொரு முறையும் புதைத்த பையன்" என்று எழுதியிருந்தால் கடைசி பெஞ்ச் தன்னைக் கண்டுபிடித்துவிடுவார். அவர் அத்தையும் கண்டுபிடிப்பார். அந்த வகுப்பாசிரியரும்.

இந்தத் தொழிலில் ரகசியம் என்பது ஆலோசகர் இறந்ததும் முடிவதில்லை. குழந்தை இறந்தாலும் முடிவதில்லை. நீலக்குடை, நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது இது: உங்கள் பாட்டியோடு வேலை பார்த்த, அதே தகுதி உள்ள ஒருவரைக் கூப்பிடுங்கள். குறிப்புகளை எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு இடத்துக்கு இடம் விதி உண்டு. அந்தக் கெடு முடிந்துவிட்டதா என்று அவர் பார்க்கட்டும், வீட்டு ஆட்கள் வேண்டாம். எங்களில் பலர் இதற்காகவே தனியாக ஓர் உயில் எழுதிவைப்போம், "எனக்குப் பிறகு என் குறிப்புகளை இன்னார் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று. உங்கள் பாட்டியும் எழுதியிருக்கலாம், தேடிப் பாருங்கள்.

---

பழைய பேனா எழுதியது:

ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. ஆனால் என் மகளைப் பற்றி அப்படி ஒரு நோட்டு எங்காவது இருந்தால் நூலகத்தில் வைக்கச் சம்மதிப்பேனா என்று யோசித்தேன். மாட்டேன். எனவே வாயை மூடிக்கொள்கிறேன்.

---

இரண்டு பிள்ளைக்காரி எழுதியது:

நடுவில் வந்து சொந்தக் கதை பேசுவதற்கு மன்னிக்கவும். போன மாதம் என் மாமியார் தவறிவிட்டார். நாலு வயதுப் பையன் தினமும் "பாட்டி எப்ப வருவாங்க?" என்கிறான். "தூங்கிட்டாங்க" என்று சொன்னோம். இப்போது ராத்திரி தூங்கவே மாட்டேன் என்கிறான். நீலக்குடை, உங்கள் பாட்டி இருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

---

நீலக்குடை எழுதியது:

இதற்கு எனக்குப் பதில் தெரியும்! தாத்தா போனபோது எனக்கு ஆறு வயது. யாரோ "தாத்தா தூங்குறார்" என்றதும் பாட்டி, அத்தனை கூட்டத்திலும், என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். தரையில் உட்கார்ந்தார், நான் நின்றேன், அப்போது எங்கள் முகம் ஒரே உயரம். "தாத்தா செத்துப்போய்விட்டார். தூக்கம் வேறு, சாவு வேறு. தூங்கினால் எழுந்திருப்போம். செத்தால் எழுந்திருக்க முடியாது. அவருக்கு இப்போது வலிக்காது, பசிக்காது, குளிராது" என்றார். நான் "நான் கத்தினதாலயா?" என்று கேட்டேன். முந்தின நாள் தாத்தாவிடம் கத்தியிருந்தேன். அதை யாருக்கும் சொல்லவில்லை. பாட்டி, "இல்லை. கத்தினால் யாரும் சாக மாட்டார்கள்" என்றார். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நான் அதை எத்தனை வருடம் சுமந்திருப்பேனோ.

---

மணல்தட்டு எழுதியது:

அவர் சொன்னதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை. 1948இல் மரியா நாகி என்பவர் ஹங்கேரியில் குழந்தைகளிடம் சாவைப் பற்றிக் கேட்டுத் திரட்டியதை வெளியிட்டார். ஐந்து வயதுக்குக் கீழே இருந்தவர்களுக்குச் சாவு என்றால் ஒரு வகைப் பயணம், ஒரு வகைத் தூக்கம். போனவர் திரும்பி வரலாம். உங்கள் பையன் வயதுக்கு அதுதான் இயல்பு. எனவே "தூங்கிட்டாங்க" என்ற சொல் அவன் ஏற்கெனவே தப்பாக நினைப்பதை உறுதிப்படுத்திவிடுகிறது.

நேராகச் சொல்லுங்கள், சின்ன வாக்கியமாக. நாளைக்கும் அதையே கேட்பான், அதே பதிலை அதே சொல்லில் கொடுங்கள். நடுவில் விளையாடப் போய்விடுவான், கல்நெஞ்சம் என்று நினைக்காதீர்கள். குழந்தைகள் துக்கத்தைச் சின்னச் சின்ன வாயாகத்தான் விழுங்குவார்கள். "நான் செஞ்ச தப்பாலயா?" என்று அவன் கேட்காவிட்டாலும் நீங்களே "யார் தப்பும் இல்லை" என்று ஒரு முறை சொல்லிவிடுங்கள்.

---

வெள்ளைத்தொப்பி எழுதியது:

ஓய்வுபெற்ற நர்ஸ் நான். குழந்தைகள் வார்டில் முப்பது வருடம். நாங்கள் பயிற்சிக்குப் போன காலத்தில் பெற்றோருக்குப் பார்வை நேரம் சாயங்காலம் ஒரு மணி நேரம். அம்மா போனதும் குழந்தை கத்தும். இரண்டாம் நாள் முனகும். மூன்றாம் நாள், நாலாம் நாள் அமைதியாகிவிடும், கொடுத்ததைச் சாப்பிடும். "செட்டில் ஆயிடுச்சு" என்று சார்ட்டில் எழுதுவோம். அம்மா வந்தால் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அதையும் நல்ல பிள்ளை என்றே நினைத்தோம்.

பிறகுதான் ஒருவர் எங்களுக்கு ஜேம்ஸ் ராபர்ட்சன் எடுத்த படத்தைப் போட்டுக் காட்டினார். 1952இல் வெளிவந்தது. இரண்டரை வயதுகூட ஆகாத லாரா என்ற பெண், எட்டு நாள் ஆஸ்பத்திரியில். பெரிதாக அழக்கூட இல்லை. அழாமல் இருக்க அந்தக் குழந்தை படும் பாட்டைப் பார்த்து நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அந்த ராபர்ட்சன் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், குழந்தைகளின் மனப்பகுப்பாய்வாளர் அன்னா ஃப்ராய்டின் குழந்தைகள் காப்பகத்தில் கொதிகலன் பார்த்தவராம். அங்கே எந்த வேலை செய்கிறவரானாலும் குழந்தைகளைக் கவனித்து அட்டையில் எழுத வேண்டும் என்பது விதி. கொதிகலன்காரர் எழுதிப் பழகி, ஆஸ்பத்திரிகளையே மாற்றிவிட்டார். இங்கிலாந்தில் 1959இல் அரசுக் குழுவே பெற்றோரை எந்நேரமும் விடச் சொன்னது.

நீலக்குடை, உங்கள் பாட்டி வயதுக்காரர்கள்தான் இதை வார்டு வார்டாகக் கொண்டுபோனவர்கள். எங்களிடம் சண்டை போட்டவர்களும் அவர்களே. அப்போது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

---

நீலக்குடை எழுதியது:

இவ்வளவு நல்லது மட்டும் பேசினால் பாட்டிக்கே பிடிக்காது. இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன். அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அம்மா 1958இல் பிறந்தவர். மூன்று மாதத்தில் பாட்டி வேலைக்குத் திரும்பினார். அம்மாவுக்கு நினைவிருக்கும் பாட்டி, சாயங்காலம் களைத்து வந்து, "பத்து நிமிடம் யாரும் என்னைக் கூப்பிடாதே" என்று கதவைச் சாத்திக்கொள்கிறவர். "ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நாற்பத்தைந்து நிமிடம், எனக்குச் சாத்தின கதவு" என்பது அம்மாவின் நிரந்தர வசனம். நான் கோட்டு விளையாட்டைப் பற்றிப் பேசினாலே எழுந்து போய்விடுவார். அவரோடு பாட்டி அதை ஆடினதே இல்லையாம்.

பாட்டிக்கு இது தெரியாமல் இல்லை. ஒரு முறை என்னிடம், "பௌல்பியைப் படித்துக்கொண்டே குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போனவள் நான்" என்று சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது.

---

மணல்தட்டு எழுதியது:

அந்தத் தலைமுறைப் பெண்களின் குற்றவுணர்வுக்கு ஒரு தேதியே உண்டு. 1951இல் ஜான் பௌல்பி உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கை. தாயைப் பிரிந்த குழந்தைகளைப் பற்றியது. அவர் பார்த்தது பெரும்பாலும் விடுதிகளிலும் காப்பகங்களிலும் விடப்பட்ட பிள்ளைகளை. ஆனால் பத்திரிகைகள் அதை "அம்மா வேலைக்குப் போனால் பிள்ளை கெட்டுவிடும்" என்று சுருக்கிவிட்டன. குழந்தை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் 1972இல் அதையெல்லாம் பிரித்துப் போட்டுப் பார்த்தார். பிரிவு வேறு, இழப்பு வேறு, ஆரம்பத்திலிருந்தே பாசத்துக்கு ஆளே இல்லாமல் போவது வேறு என்று காட்டினார். அதற்குள் உங்கள் அம்மாவுக்குப் பதினான்கு வயது. உங்கள் பாட்டிக்கு அது தாமதமாக வந்த ஆறுதல்.

சாத்தின கதவை நான் நியாயப்படுத்தவில்லை. என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. என் மகன் அதன் அடியில் சீட்டு எழுதித் தள்ளுவான்.

ஒரு சின்னக் கணக்கு மட்டும். வினிகாட் அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதியது 1968, புத்தகம் 1971. உங்கள் பாட்டி அதைப் படித்துக் கற்றவர் என்றால், அது அவர் கைக்கு வரும்போது உங்கள் அம்மா பத்து வயதைத் தாண்டியிருப்பார்.

---

நீலக்குடை எழுதியது:

மேலே இருக்கும் கடைசிப் பத்தியை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "பத்து வயசுக்கு மேல அவங்க கூப்பிட்டிருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன்" என்றார். அப்புறம் எழுந்து துணி மடிக்கப் போய்விட்டார்.

போன வருடம் நடந்த ஒன்றை இங்கே மட்டும் எழுதுகிறேன், கூட்டத்தில் சொல்ல மாட்டேன். கடைசி எட்டு மாதம் பாட்டிக்கு நினைவு அவிழத் தொடங்கியது. இன்று என்ன கிழமை என்று தெரியாது, ஆனால் பழையதெல்லாம் மேலே வந்தது. படுத்துக்கொண்டே யாரோ ஒரு குழந்தையோடு பேசுவார். பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வீடு, ஓர் அப்பா, ஒரு ராத்திரி என்று வரத் தொடங்கும்.

அப்போதெல்லாம் அம்மா எழுந்து போய் ரேடியோ சத்தத்தைக் கூட்டிவிடுவார். நானோ பார்த்துக்கொள்ள வந்த பெண்ணோ அறையில் இருந்தால், "கொஞ்சம் வெளியே போங்க" என்பார். முதலில் எனக்குக் கோபம் வந்தது, பாட்டி பேசுவதைக் கேட்கக்கூடப் பொறுமை இல்லையா என்று. ஒருநாள் கதவிடுக்கில் பார்த்தேன். ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. அம்மா பாட்டியின் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்து, "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் என்ன கேட்டார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

---

வெள்ளைத்தொப்பி எழுதியது:

படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

---

மட்டுறுத்துநர் எழுதியது:

தலைப்பை விட்டு விலகிய மூன்று பதிவுகள் (வாஸ்து, வாஸ்து, மறுபடி வாஸ்து) நீக்கப்பட்டன. தொடருங்கள்.

---

நீலக்குடை எழுதியது:

கூட்டம் முடிந்தது. பெட்டி விஷயமும் முடிந்தது. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

மணல்தட்டு சொன்னது சரி. பாட்டியின் வங்கிக் காகிதங்களுக்கு நடுவே ஒரு கடிதம் இருந்தது. அவரிடம் வேலை பழகிய ஓர் அம்மாளின் பெயர் போட்டு, நோட்டுகளை அவர் மட்டும் பார்க்க வேண்டும் என்று. அவருக்கே இப்போது எழுபது வயது. சனிக்கிழமை வந்தார், கையில் சொந்தக் காகிதம் கிழிக்கும் இயந்திரம். நோட்டுகளை எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து புரட்டினார். விதிப்படி வைத்திருக்க வேண்டிய காலம் என்றைக்கோ முடிந்துவிட்டது என்றார். பிறகு இயந்திரத்தை மேசைமேல் வைத்து, பக்கங்களைக் கவிழ்த்தபடியே உள்ளே விட்டார்.

சின்ன இயந்திரம். பத்து நிமிடம் ஓடினால் சூடாகிச் சிவப்பு விளக்கு எரியும், ஆற அரை மணி நேரம் வேண்டும். பதினொரு நோட்டுக்கு நாள் முழுக்க ஆயிற்று. நடுவில் சாப்பிட்டோம், நடுவில் சும்மா உட்கார்ந்தோம்.

தகரப் பெட்டியில் முழுக்கக் கிறுக்கல்கள். பின்பக்கம் எண் போட்டவை இயந்திரத்துக்குப் போயின. என் செல்லப்பெயர் எழுதியிருந்தவற்றை அவர் தனியாக எடுத்து என்னிடம் கொடுத்தார். நாற்பது ஐம்பது இருக்கும். யானை, செருப்பு, கோபமான மாமா எல்லாம் இருந்தார்கள். கடைசிக் காகிதத்தில் பாட்டி போட்ட கோடு மட்டும். நான் தொடவே இல்லை. எனக்குப் பரீட்சை நேரம், "அப்புறம் பாட்டி" என்றிருப்பேன்.

அம்மா அதை என் கையிலிருந்து வாங்கினார். மூன்று முறை சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எனக்கு இதெல்லாம் வராது" என்றார். பிறகு பேனாவை எடுத்து அடியில் இரண்டு வட்டம் போட்டார்.

"வண்டி மாதிரி இருக்கா?"

"இல்லை" என்றேன்.

"அப்ப நீ போடு."

இயந்திரத்தில் பச்சை விளக்கு எரிந்துவிட்டது. அந்த அம்மாள் எங்களைப் பார்த்துவிட்டு, "இன்னும் சூடாத்தான் இருக்கு, மெதுவா ஆறட்டும்" என்று ஒரு பத்திரிகையை எடுத்துப் பிரித்துக்கொண்டார்.

---

எதிர்க்கட்சி எழுதியது:

அதெல்லாம் சரி, கூட்டத்தில் என்னதான் பேசினீர்கள்?

---

நீலக்குடை எழுதியது:

நாய்க் கதை. நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

---

இரண்டு பிள்ளைக்காரி எழுதியது:

பையன் இரண்டு நாளாகத் தூங்குகிறான். நேற்று பாட்டிக்கு வலிக்குமா என்று கேட்டான். வலிக்காது என்றேன். சரி என்று சொல்லிவிட்டுச் சைக்கிள் ஓட்டப் போய்விட்டான்.